எடை குறைந்த லேப்டாப்: 256 போதுமா, 1 டிபி வேண்டுமா?



ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது மஸ்அலா கேட்பவர்கள் வழக்கமாக வருவார்கள். சில வாரங்களுக்கு முன் வந்தவர், கீழ்புத்துப்பட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் சிறு கடை வைத்திருக்கும் சகோதரர். கையில் கடைக்காரர் எழுதிக் கொடுத்த விலைச்சீட்டு. மகள் புதுச்சேரியில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போய் வருகிறவள் என்பதால் கனமில்லாத லேப்டாப் வேண்டும் என்கிறாள்.

சீட்டில் மூன்று இருந்தன. மூன்றும் ஒன்றரைக் கிலோவுக்குள். முதலாவது 128 ஜிபி, விலை மலிவு. இரண்டாவது 256 ஜிபி. மூன்றாவது 1 டிபி, அதன் எதிரே "ஈஎம்ஐ உண்டு" என்று வட்டம் போட்டிருந்தது.

"ஹஜ்ரத், இதுல ஒரு மஸ்அலா கேக்கணும். 256ன்னு சொல்லி விக்கிறாங்க. என் மச்சான் வீட்டுல அதே 256 வாங்குனதுல 238தான் காட்டுது. 18 எங்க போச்சு? அளவுல குறைச்சுக் குடுக்குறது ஹராம் இல்லையா?"

நாம் சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி நியாயமானது. அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டித்து ஒரு சூராவே இறங்கியிருக்கும் மார்க்கம் நம்முடையது. உப்பை மூட்டை கணக்கில் எடை போட்டு விற்கும் மரக்காணம் கரையில் வளர்ந்தவருக்கு எடை குறைந்தால் உறுத்தத்தான் செய்யும். எனவே விசாரித்தோம், படித்தோம், மஹல்லாவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் இளைஞர்களிடமும் கேட்டோம். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறோம். கல்லூரி தொடங்கும் காலத்தில் பல வீடுகளில் இதே சீட்டு இருக்கும்.

முதலில் அந்த 18. இதில் மோசடி இல்லை, இரண்டு படிகள் இருக்கின்றன. முற்காலத்தில் ஊருக்கு ஊர் படி மாறும், ஓர் ஊரின் ஒரு படி நெல் இன்னோர் ஊரில் ஒரு படிக்குக் குறையும். அதுபோலத்தான் இதுவும். டிஸ்க் தயாரிப்பவர் 1 ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1 ஜிபி என்றால் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட் என்று கணக்கிடுகிறது. பெரிய படியால் அளந்தால் எண் சிறிதாகத்தான் வரும். 256 என்பது 238 ஆகும். 512 என்பது 476 ஆகும். 1 டிபி என்பது 931 ஜிபி ஆகும். அதே டிஸ்க்கை ஆப்பிள் மேக்கில் பார்த்தால் 256 என்றே காட்டும், ஏனெனில் 2009 முதல் அவர்கள் தயாரிப்பாளரின் படிக்கே மாறிவிட்டார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குத் தனிப் பெயரே வைத்தது. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. விற்பவர் மீது குற்றமில்லை, வாங்குபவருக்கு இழப்பும் இல்லை.

உண்மையில் கவனிக்க வேண்டிய குறைவு வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

லேப்டாப்பைத் திறந்த முதல் நாளே விண்டோஸ் தன் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11 நிறுவ மைக்ரோசாப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு 64 ஜிபி. அவ்வளவும் உடனே நிரம்பிவிடாது. ஆனால் ஓராண்டு அப்டேட்கள், ஆபீஸ், பிரௌசர், கல்லூரிக்கான மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்தால் 60, 65 ஜிபி போய்விடும் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட வேண்டும். காரணம் இருக்கிறது. இப்போதைய எஸ்எஸ்டியில் பழைய எழுத்தின் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு பகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். அதற்கு முன் அதில் இருக்கும் தேவையானவற்றை வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். பாத்தியில் விளைந்த உப்பை வரப்பில் வாரிக் குவித்த பிறகுதானே மறுபடி தண்ணீர் விடுகிறார்கள்? வரப்பெல்லாம் நிறைந்துவிட்டால் வேலை நின்றுபோகும். எஸ்எஸ்டியும் நிரம்ப நிரம்ப மந்தமாகும், அப்டேட் பாதியில் நிற்கும்.

இரண்டையும் கழித்தால் பிள்ளையின் கைக்கு வருவது இதுதான்: 128-இல் ஏறத்தாழ 30 ஜிபி, 256-இல் ஏறத்தாழ 125, 512-இல் 315. பெட்டியின் மேல் 128-க்கு 256 இரண்டு மடங்கு. கைக்கு வரும்போது நான்கு மடங்கு. ஆகவே சீட்டில் இருந்த முதல் லேப்டாப்பை அங்கேயே அடித்துவிடச் சொன்னோம். அதில் இருந்தது எஸ்எஸ்டியும் அல்ல, இஎம்எம்சி என்ற வேகம் குறைந்த வகை, போர்டிலேயே பற்றவைத்தது. மலிவு என்று வாங்கி ஆறு மாதத்தில் மூலையில் போடுவதும் வீண்விரயம்தான்.

அப்படியானால் 125 ஜிபி ஒரு மாணவிக்குப் போதுமா? அது எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எழுத்துக்கு இடம் தேவையே இல்லை என்று சொல்லிவிடலாம். கம்ப்யூட்டரில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், அரபிக்கு 2 பைட். 300 பக்கத் தமிழ்ப் புத்தகத்தைத் தட்டச்சு செய்து வைத்தால் ஒன்றரை எம்பி அளவுதான் வரும். அதையே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் 50, 100 எம்பி ஆகிவிடும். மதரஸா மாணவர்கள் கிதாபுகளை இப்படித்தான் சேர்த்து வைக்கிறார்கள், 200 கிதாப் இருந்தாலும் 20 ஜிபிக்குள் அடங்கும். ஒரு காரியின் முழு குர்ஆன் கிராஅத்தை 30 மணி நேரம் என்று கொண்டால், நல்ல தரத்தில் 1.7 ஜிபி. மூன்றாண்டு கல்லூரிப் பாடக் குறிப்புகள், பவர்பாயிண்ட், டேலி எல்லாம் 10 ஜிபியைத் தாண்டுவது அரிது.

இடத்தைத் தின்பது வீடியோ. போனில் எடுக்கும் ஃபுல் எச்டி வீடியோ நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி வரை. முக்கால் மணி நேர பயான் ஒன்றைப் போனில் பதிவு செய்தால் சுமார் 4 ஜிபி. அல்லாஹ்வின் வேதம் முழுவதையும் இரண்டு காரிகள் ஓதி முடிக்கும் இடத்தில் நம் போன்றவர்களின் ஒரு பயான்கூட முடிவதில்லை! (சுருக்கமாகப் பேசுங்கள் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம்.)

எனவே கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது ஒன்று. பிள்ளையின் போனில் செட்டிங்ஸ் திறந்து ஸ்டோரேஜைப் பாருங்கள். போட்டோ எவ்வளவு, வீடியோ எவ்வளவு என்று அதுவே காட்டும். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அதிலும் பாருங்கள். சகோதரரின் மகளுக்கு நாம் போட்ட கணக்கு: பாடம் 10, கிதாபும் கிராஅத்தும் 15, போனிலிருந்து இறக்க வேண்டிய குடும்பப் படங்கள் 50. மொத்தம் 75. 125-க்குள் தாராளமாக நிற்கிறது. அவளே வீடியோ எடிட்டிங் படிக்கிறாள் என்றால் பதில் வேறு. அங்கே 1 டிபி ஆடம்பரம் அல்ல.

தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குத் தரும் லேப்டாப்பைப் பார்த்தாலும் இது விளங்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் இருந்தது 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ரேம். 2026 ஜனவரி 5 அன்று அரசுக் கல்லூரி மாணவர்களுக்குத் தொடங்கப்பட்ட 'உலகம் உங்கள் கையில்' திட்டத்து லேப்டாப்பில் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம். பதினைந்து ஆண்டில் ஸ்டோரேஜின் எண் குறைந்திருக்கிறது, ரேம் நான்கு மடங்காகியிருக்கிறது. சுழலும் தட்டு போய்ச் சில்லு வந்ததால் வேகம் பல மடங்கு. (அரசு லேப்டாப் கிடைக்கும் தகுதி உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், அது வரும் என்று தெரிந்தும் கடன் வாங்கி இன்னொன்று வாங்காதீர்கள். நம் சகோதரரின் மகள் புதுச்சேரிக் கல்லூரியில் படிப்பதால் அவளுக்கு அது வராது.)

இனி, அளவைவிட முக்கியமானது என்று நாம் கருதும் விஷயம். அந்த ஸ்டோரேஜைப் பின்னால் மாற்ற முடியுமா என்பது.

மெல்லிய லேப்டாப்களில் பலவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கிய நாளில் இருந்ததுதான் கடைசிவரை. ஆனால் எஸ்எஸ்டி அநேகமாக எம்.2 என்ற சிறிய ஸ்லாட்டில், சூயிங்கம் துண்டு அளவில், ஒரே ஒரு ஸ்குரூவில் நிற்கும். இரண்டாண்டு கழித்து இடம் போதவில்லை என்றால் 256-ஐக் கழற்றி 1 டிபி போட்டுக்கொள்ளலாம். இப்படி இருக்கும் லேப்டாப்பில் கையில் இருக்கும் பணத்தை முதலில் ரேமுக்குச் செலவிடுங்கள். 8 ஜிபி ரேமும் 512-உம் ஒரு பக்கம், 16 ஜிபி ரேமும் 256-உம் மறுபக்கம், விலை ஒன்றுதான் என்றால் நாம் இரண்டாவதையே எடுப்போம். கடைக்காரர் முதலாவதைத்தான் தள்ளுவார். மேசையில் காட்டப் பெரிய எண் அதுதான்.

ஸ்டோரேஜும் பற்றவைக்கப்பட்டதாக இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. ஆப்பிள் மேக்புக் ஏர் அப்படிப்பட்டது. அதில் பிறகு கூட்ட வழியில்லை. 2025-இல் வந்த மாடல் 256 ஜிபி 99,900 ரூபாய், 512 ஜிபி 1,19,900 ரூபாய் என்று அறிமுகமானது. இடைவெளி 20,000 ரூபாய். இப்படிப்பட்டதை வாங்குவோர் ஐந்தாண்டுத் தேவையை இன்றே யோசித்து 512-க்குப் போவது நல்லது. அது கட்டாது என்றால் அந்த மாடலே நமக்கானது அல்ல.

கடைக்காரரிடம் "எக்ஸ்ட்ரா ஸ்லாட் இருக்கா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். மெல்லிய லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே ஸ்லாட்தான். "எஸ்எஸ்டி கழற்றி மாட்டுற மாதிரியா, போர்டோட சேர்ந்ததா? எந்த நீளம் போகும், மாத்தினா வாரண்டி நிக்குமா?" என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

கழற்ற முடிவதில் நம் வீட்டுப் பெண்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. லேப்டாப் பழுதானால் சர்வீஸ் கடைக்குக் கொடுக்கிறோம். உள்ளே குடும்பப் படங்கள், வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் எடுத்துக்கொண்ட படங்கள் இருக்கும். அவை நம் கையில் இருக்கும் அமானத். திரையோ கீபோர்டோ பழுதென்றால், நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு எஸ்எஸ்டியை வீட்டிலேயே கழற்றி வைத்துக்கொண்டு உடலை மட்டும் கொடுக்கலாம். பற்றவைத்ததில் அது நடக்காது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. 256 எஸ்எஸ்டிக்கும் 1 டிபிக்கும் அளவு ஒன்றே. ஸ்டோரேஜ் கூடினால் லேப்டாப் கனக்கும் என்பது தவறான எண்ணம். ஆனால் உள்ளே இடம் போதாமல் வெளி ஹார்ட் டிஸ்க்கைத் தினமும் பையில் சுமந்தால் ஒயரோடு கால் கிலோ கூடும், பஸ் நெரிசலில் இடிபடவும் செய்யும். வெளி டிஸ்க் வீட்டில் அலமாரியில் இருக்க வேண்டிய பொருள். தினமும் தேவைப்படுவது லேப்டாப்புக்குள் இருக்க வேண்டும். 256-ஆ 512-ஆ என்று தடுமாறுவோர் இந்த ஒன்றைக் கேட்டுக்கொண்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

"எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுக்கலாம், 128 போதும்" என்று சொல்லும் இளைஞர்களும் இருக்கிறார்கள். பெருநகரத்தில் இருந்தால் சரி. நம் கரையில் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை மறந்துவிட முடியாது. கரண்ட் இல்லாமல், டவர் இல்லாமல், வெள்ளத்துக்குப் பயந்து கழித்த நேரத்தில் கூகுளில் இருக்கும் கோப்பு பயன்படாது. அதே சமயம், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து லேப்டாப்பும் டிஸ்க்கும் சேர்ந்து நனைந்திருந்தால் கூகுளில் இருந்தது மட்டும்தான் மிஞ்சியிருக்கும். எனவே கிளவுட் இரண்டாவது பிரதிக்கான இடம். உள்ளே போதிய இடம் வேண்டாம் என்பதற்கு அது காரணம் ஆகாது. இலவசமாகக் கிடைப்பது கூகுளில் 15 ஜிபி, அதிலேயே ஜிமெயிலும் போட்டோவும் அடக்கம். மைக்ரோசாப்ட்டில் 5 ஜிபி. புதிய லேப்டாப்பில் கணக்கு தொடங்கியதும் டெஸ்க்டாப்பில் இருப்பதையெல்லாம் அந்த 5 ஜிபிக்குள் ஏற்றத் தொடங்கிவிடும், நிரம்பியதும் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை வரும். லேப்டாப்பே நிரம்பிவிட்டது என்று பிள்ளைகள் பதறுவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான்.

இரண்டாவது பிரதி என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், நாமே அனுபவித்தோம். எட்டு ஆண்டு ஜும்ஆ குறிப்புகள், உஸ்தாத்மார்களின் பாட ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தோம். இடம் தாராளமாக இருந்தது, ஒரு டிபிக்கு மேல் காலி. ஒரு நாள் மேசையிலிருந்து விழுந்தது. டக், டக் என்று சத்தம் மட்டும் வந்தது. மீட்டுத் தருவதற்குக் கேட்ட தொகை ஒரு லேப்டாப்பின் விலை. திரும்பி வந்துவிட்டோம். அந்த உஸ்தாத்மார்களில் இருவர் இப்போது இல்லை. அவர்களின் குரலும் நம்மிடம் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்று மிம்பரில் சொல்கிற நாம் கட்டாமலே விட்டிருந்தோம்.

ஒரே டிஸ்க்கில் 1 டிபி வைத்திருப்பவரைவிட, 256-இல் வேலை செய்து, வெளியே ஒரு பிரதியும் முக்கியமானவற்றைக் கிளவுடில் இன்னொரு பிரதியும் வைத்திருப்பவர் பத்திரமாக இருக்கிறார். எஸ்எஸ்டி விழுந்தால் உடையாது, ஆனால் எந்த அறிகுறியும் இன்றி ஒரே நாளில் செத்துப்போகும். மூன்றாவது லேப்டாப்புக்குக் கூடுதலாகக் கொடுக்க இருந்ததில் ஒரு பகுதியைக் கொண்டு 1 டிபி வெளி டிஸ்க் வாங்குங்கள் என்று சகோதரரிடம் சொன்னோம். நம் பகுதியில் உப்புக் காற்று இரும்பு கேட்டையே தின்றுவிடுகிறது, யுஎஸ்பி முனையை விட்டுவைக்குமா? மூடி போட்ட டப்பாவில், புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்தால் போதும். எஸ்எஸ்டி வகையாக இருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாட்டிப் பார்க்கவும். ஆண்டுக்கணக்கில் கரண்ட் ஏறாமல் கிடந்தால் அதில் உள்ளது அழியக்கூடும்.

இங்கே உண்மையான அளவு மோசடி ஒன்று நடக்கிறது. ஆன்லைனில் 500, 600 ரூபாய்க்கு "2 டிபி" பென் டிரைவ், "2 டிபி" எஸ்எஸ்டி என்று விற்கிறார்கள். உள்ளே 32 அல்லது 64 ஜிபி சில்லு ஒன்றை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். நிரம்பும்வரை தெரியாது. அதற்குமேல் ஏற்றுவதெல்லாம் காணாமல் போகும். 256 என்று சொல்லி 238 காட்டுவது மோசடி அல்ல, இதுதான் மோசடி. வாங்கிய அன்றே 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம்.

விலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 இறுதியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி இரண்டும் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஏஐ நிறுவனங்களின் டேட்டா சென்டர்கள் சில்லுகளை வாரிக்கொண்டு போவதே காரணம். அதனால் 256-இலிருந்து 1 டிபிக்குத் தாவும் செலவு கூடியிருக்கிறது, அந்த இடைவெளியில்தான் ஈஎம்ஐ நுழைகிறது. "நோ காஸ்ட் ஈஎம்ஐ, வட்டியே இல்லை பாய்" என்பார்கள். கடன் தருவது வங்கியோ நிதி நிறுவனமோ. அது வட்டி போடுகிறது, அந்த அளவைக் கடை தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறது. கிரெடிட் கார்டு ஈஎம்ஐ என்றால் வட்டிக்கு ஜிஎஸ்டியும் உண்டு. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013-இல் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கடைக்காரரே சொந்தப் பொறுப்பில் தவணைக்கு ஒரே விலை பேசி, தாமதமானாலும் கூட்டாமல் விற்றால் அந்த வியாபாரம் ஆகும் என்பது பெரும்பான்மை இமாம்களின் கருத்து. உங்கள் சீட்டில் இருப்பது எந்த வகை என்று உள்ளூர் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். பிள்ளை ஒருபோதும் நிரப்பப்போகாத 700 ஜிபி காலி இடத்துக்காக ஒரு குடும்பம் வட்டிப் பத்திரத்தில் கையெழுத்திடுவதை நம்மால் சரியென்று சொல்ல முடியவில்லை.

சகோதரர் இரண்டாவது லேப்டாப்பையே ரொக்கமாக வாங்கினார். 256 ஜிபி, கழற்றக்கூடிய ஸ்லாட், 16 ஜிபி ரேம். கூடவே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். வீட்டுக்கு வந்ததும் நம்மிடம் கொண்டுவந்து காட்டினார்கள், 238 என்று காட்டியதும் அவரே சிரித்தார்.

ஒன்று மட்டும் அன்றே செய்யச் சொன்னோம். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் மைக்ரோசாப்ட் கணக்கோடு நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே பூட்டுக் குறியீட்டில் மாறிவிடுகிறது. திருடியவரோ சர்வீஸ் கடைக்காரரோ எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும் படிக்க முடியாது, அது நல்லது. ஆனால் போர்டு பழுதானால் நம்மாலும் படிக்க முடியாது, ரிக்கவரி கீ இருந்தால் தவிர. அது 48 இலக்கங்கள் கொண்டது, மைக்ரோசாப்ட் கணக்கில் பார்க்கலாம். மகள் அதைக் காகிதத்தில் ஆறு ஆறாகப் பிரித்து எழுதினாள். அத்தா அதை வாசித்துச் சரிபார்த்து, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.